பண்டிகையை மூன்றாம் வாரத்துக்கு நகர்த்துங்கள்

உங்கள் துணைக்குப் புற்றுநோய். கீமோவுக்கு, அதாவது புற்றணுக்களை அழிக்கும் மருந்தை ஏற்ற, நாள் குறித்த சீட்டு கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதை வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் வைத்து எண்ணுவது. மருந்து ஏறும் நாளை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவணை ஏறுவதிலிருந்து அடுத்த தவணை ஏறும்வரை ஒரு சுழற்சி; பெரும்பாலும் 14, 21 அல்லது 28 நாள். 21 நாள் சுழற்சி பரவலாக இருப்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு நோட்டில் 1 முதல் 21 வரை எழுதி எதிரே தேதியைப் போடுங்கள். வரப்போகும் பண்டிகையோ பிள்ளையின் பிறந்தநாளோ எந்த எண்ணில் விழுகிறது என்று தெரிந்துவிடும். இனி அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாத் திட்டமும். தேதி இரண்டாம் பட்சம்.

முதல் இரண்டு மூன்று நாள் ஏமாற்றும். வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமை வராமல் இருக்கவும் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது உடம்பில் இருக்கும்வரை முகம் சிவந்து, பேச்சு கூடி, பசியெடுத்து, ராத்திரி தூக்கம் வராமல், ஆள் தெம்பாகவே தெரிவார். "இவ்வளவுதானா கீமோ!" என்று வீடே நிம்மதி அடையும். ஸ்டீராய்டு நின்றதும், 4ஆம் 5ஆம் நாளில், ஆள் அப்படியே சரிந்துவிடுவார். காரணமில்லாத அழுகை, எரிச்சல், கை கால் வலி எல்லாம் அப்போது வரும். பேக்ளிடாக்ஸெல் வகைக் கீமோ மருந்தென்றால் மூட்டும் தசையும் முறித்துப் போட்டதுபோல் வலிப்பதும் கிட்டத்தட்ட இந்த நாட்களில்தான். மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் குமட்டல் 5ஆம் நாள் வரை இழுக்கலாம். முதல் நாள் தெம்பைப் பார்த்து 4ஆம் நாளுக்கு விருந்து ஏற்பாடு செய்வதுதான் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு.

அடுத்து வருவது 7 முதல் 14ஆம் நாள் வரையான காலம். ஆள் பார்க்கச் சற்றுத் தேறியிருப்பார். சாப்பிடுவார், நடப்பார். உள்ளே வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் கிடக்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500க்குக் கீழே போனாலே குறைவு. 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமிகூட ரத்தத்தில் பரவி உயிருக்கு உலை வைக்கும். வெளியே நன்றாகத் தெரிவதும் உள்ளே கோட்டை காலியாக இருப்பதும் ஒரே வாரத்தில் நடப்பதால்தான் கூட்டம் கூட்டுவதற்கு இதைவிட மோசமான வாரம் இல்லை. 15ஆம் நாளிலிருந்து அணுக்கள் ஏறத் தொடங்கும். 16 முதல் 20 வரை, அநேகமாக, உங்கள் பண்டிகை நாட்கள்.

மருந்துக்கு மருந்து இது மாறும். வாராவாரம் ஏறும் மருந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் முதல் சுழற்சியை வேவு பார்க்கும் சுழற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் விழாவே வேண்டாம். தினமும் நான்கே வரி போதும்: காலை மாலை உடல் சூடு, சோர்வுக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், என்ன உள்ளே போனது, மலம் போனதா இல்லையா. இரண்டாம் சுழற்சியில் ஏறக்குறைய அதே நாளில் அதே தொல்லை வரும். நான்காம் ஐந்தாம் சுழற்சியில் அதே வரிசைதான், ஆனால் சோர்வின் மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். இதை எதிர்பார்க்காமல், "போன தடவை நன்றாகத்தானே இருந்தாய்" என்று கேட்டுவிடாதீர்கள்.

இனி, நகர்த்துவது. இரண்டு வழிகள் உண்டு: பண்டிகையை நகர்த்தலாம், அல்லது சிகிச்சையை நகர்த்தக் கேட்கலாம். முதலாவது வழி எப்போதும் கையில் இருக்கிறது. 10ஆம் நாளில் விழும் பண்டிகையை 17ஆம் நாளில் கொண்டாடினால் யார் கேட்கப் போகிறார்கள்? பிள்ளைகளுக்கு ஒரு பண்டிகைக்குப் பதில் இரண்டு. பெரியவர்கள்தான் முகம் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் அவர்களும் பழகிவிடுவார்கள்.

சிகிச்சையை நகர்த்துவது வேறு விஷயம். மருத்துவரிடம் "விடுமுறைக்காக ஒரு வாரம் தள்ளலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்தச் சிகிச்சை நோயை முழுதாகத் தீர்ப்பதற்கா, கட்டுக்குள் வைப்பதற்கா? ஒரு வாரம் தள்ளினால் பலன் குறையுமா?" என்று கேளுங்கள். தீர்ப்பதற்கான கீமோ என்றால் இடைவெளி கூடக்கூட வீரியம் குறையும். பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், அது நியாயம். கட்டுக்குள் வைக்கும் சிகிச்சை நீண்டகாலம் போவதால் ஒரு வாரம் முன்பின் ஆவதற்குப் பல சமயம் சம்மதிப்பார்கள். ஆனால் கேட்க வேண்டிய நேரம், இரண்டு சுழற்சிக்கு முன்பு. முந்தின நாள் கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

ரேடியேஷன் எனும் கதிர்வீச்சுச் சிகிச்சையில் இந்தப் பேச்சே எடுக்காமல் இருப்பது நல்லது. வாரத்துக்கு 5 நாள் என்று ஓடும் சிகிச்சையில் தலை கழுத்துப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மொத்த நாட்கள் நீண்டால் கட்டி மீண்டும் தழைக்க இடம் கொடுத்ததாகிவிடும். அரசு விடுமுறையால் பிரிவு மூடியிருந்தால், விட்டுப்போன தவணையை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று நீங்களே கேளுங்கள். சனிக்கிழமை கொடுப்பார்கள், அல்லது ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தவணை. இன்னொன்று: ரேடியேஷன் சோர்வு போகப்போகக் கூடி, கடைசித் தவணைக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் உச்சத்தில் நிற்கும். "முடிந்த மறுநாளே கொண்டாட்டம்" என்று மண்டபம் பிடிக்க வேண்டாம்.

எந்தத் திட்டத்துக்கும் இரண்டு தேதி வைத்திருங்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்பு ரத்தப் பரிசோதனை உண்டு. அணுக்கள் போதாவிட்டால் அந்தத் தவணை தள்ளிப்போகும், பெரும்பாலும் ஒரு வாரம். உடனே உங்கள் 16 முதல் 20 வரையும் ஒரு வாரம் தள்ளிப்போகும். ரத்து செய்தால் பணம் திரும்ப வராத எந்த முன்பதிவும் இந்த வருடம் வேண்டாம். தள்ளிப்போனதைத் துணை தன் குற்றமாக எடுத்துக்கொள்வார். இரண்டாவது தேதி முன்பே குறித்து வைத்திருந்தால் அந்தப் பாரம் பாதியாகக் குறையும்.

நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு என்ன செய்வது? துணையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எது இல்லாவிட்டால் அது பண்டிகை மாதிரியே இருக்காது?" பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். ஒருவருக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இன்னொருவருக்குத் தன் கையால் ஒரே ஒரு பண்டம் செய்ய வேண்டும். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வது, ஊருக்கெல்லாம் பலகாரம் கொடுப்பது, இருபது வீட்டுக்குப் போய் வருவது எல்லாம் அடுத்த வருடத்துக்கு. அவர் கையால்தான் செய்ய வேண்டும் என்றால் உயரமான ஸ்டூலில் உட்காரவைத்து, நறுக்குவதையும் தூக்குவதையும் நீங்கள் செய்து, கடைசிப் பத்து நிமிடத்தை அவரிடம் விடுங்கள். விரல் நுனி மரத்துப்போகும் மருந்தில் இருப்பவர் என்றால் கத்தியையும் சூடான பாத்திரத்தையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்; சுட்டது தெரியாமலே பிடித்திருப்பார்.

மொத்த நிகழ்ச்சி இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் படுக்கை. ஒரு அறையைக் காலியாக, கதவு சாத்தியபடி, கட்டில் விரித்து வைத்திருங்கள். அங்கே தண்ணீர், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கிண்ணம், போர்வை. துணைக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகை வேண்டும்: மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது, தோளைத் தொடுவது, ஏதோ ஒன்று. சைகை வந்ததும் நீங்கள்தான் எழுந்து, "மாத்திரை நேரம்" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போக வேண்டும். தானாக எழுந்து போக அவருக்கு வாய் வராது. விருந்தாளிகளின் முகம் வாடுமே என்று உட்கார்ந்தே இருப்பார்.

வருபவர்களுக்கு முந்தின நாளே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "நாளை 4 மணிக்கு வாருங்கள், 6 மணிக்கு முடித்துக்கொள்வோம். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு யாருக்காவது இருந்தால் இந்த முறை வர வேண்டாம், வீடியோவில் பேசுவோம். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். எந்தக் கட்டம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டாம். வேறு எது வேண்டுமானாலும் பேசலாம்." கடுமையாகத் தெரிகிறதா? தெரியட்டும். வாசலில் நின்று மூக்கு ஒழுகும் குழந்தையைத் திருப்பி அனுப்புவதைவிட இது மரியாதை. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், திறந்தவெளி கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது துணையைச் சுற்றி ஒரு வேலி கட்டுவதற்குச் சமம். மூக்கில் தெளிக்கும் வகை உயிருள்ள கிருமியைக் கொண்டது. ஊசி வகை அப்படியல்ல, அதையே கேட்டு வாங்குங்கள். வந்துபோன குழந்தைக்கு இரண்டு நாள் கழித்துச் சின்னம்மை என்று தெரியவந்தால் துணைக்கு ஏதாவது வருகிறதா என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். முன்கூட்டியே கொடுக்கும் தடுப்பு மருந்து உண்டு, அது நாள் கடந்தால் பயன்படாது.

சாப்பாட்டில்தான் தம்பதிகளுக்குள் அதிகச் சண்டை வருகிறது. ஆக்கிப் போட்டவருக்கு ஆற்றாமை, உண்ண முடியாதவருக்குக் குற்ற உணர்ச்சி. நாக்கில் எதை வைத்தாலும் உலோகம் கடித்ததுபோல் கசப்பது மருந்தின் வேலை, உங்கள் கைப்பக்குவத்தின் குறை அல்ல. எஃகுக் கரண்டிக்குப் பதில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கரண்டி கொடுத்துப் பாருங்கள். சூடான உணவில் ஆவியோடு வாசனையும் எழும், குமட்டுவது அதனால்தான். ஆறிய உணவு சுலபமாக உள்ளே போகும். சமைக்கும் நேரத்தில் அவர் வீட்டின் மறுகோடியிலோ வெளியே நடையிலோ இருக்கட்டும். நிறைத்த தட்டைக் கண்டாலே சிலருக்கு வயிறு மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில், பருப்போ முட்டையோ பாலோ சேர்த்து. "இன்னும் ஒரு வாய்" என்று எல்லோர் முன்னாலும் கெஞ்சுவதை விட்டுவிடுங்கள்.

பந்தியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த உணவு அவருக்கு வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே கெடு. அதனால் சமைத்ததும் அவர் பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். பச்சை முட்டை சேர்த்த இனிப்பு, அரைவேக்காட்டு இறைச்சி, காய்ச்சாத பால், கழுவாத பழம் ஆகிய நான்கும் விலக்கு. கிரேப்ஃப்ரூட் எனும் பம்பளிமாஸ் இனத்துப் பழம் சில புற்றுநோய் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; மாத்திரை எடுப்பவர் என்றால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியவருக்கு ஒரு தனி எச்சரிக்கை: சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது. யாரோ அன்போடு நீட்டும் ஐஸ் போட்ட பானத்தை ஒரு மிடறு குடித்ததும் தொண்டை இறுகி மூச்சே நின்றதுபோல் ஆகிவிடும். குளிர்பெட்டியைத் திறந்து கையை விட்டால் விரல்களில் ஊசி குத்தும். விருந்து வீட்டில் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அவரும் மறந்துவிடுவார். நீங்கள் மறக்கக் கூடாது.

வாய்ப்புண் வந்தால் ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கட்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணை இன்னும் எரிக்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவிலேயே மிக முக்கியமானது. உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், அது எந்தப் பண்டிகையாக இருந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும், மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். காலையில் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, வீக்கம் தெரியாது, இருமல்கூட வராமல் இருக்கலாம். பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாராசிட்டமால் கொடுத்தால் அந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுவீர்கள். வேறு வலிக்காக அதைக் கொடுப்பதென்றாலும் முதலில் சூடு பார்த்து எழுதிவிட்டுக் கொடுங்கள். ஸ்டீராய்டும் காய்ச்சலை மறைக்கும் என்பதால், சூடு ஏறாமலே குளிர் நடுக்கமோ குழப்பமோ வந்தால் அதையும் காய்ச்சலாகவே எண்ணுங்கள். தெர்மாமீட்டரை வாயிலோ அக்குளிலோ காதிலோ வைக்கலாம். ஆசனவாயில் மட்டும் கூடாது, அங்கே ஏற்படும் சிறு கீறல்கூடக் கிருமிக்கு வாசல்.

விடுமுறை நாளில் இது ஏன் கெட்டுப்போகிறது? மூன்று காரணங்கள். "எல்லோரும் வந்திருக்கிறார்கள், ராத்திரி பார்ப்போம்" என்று துணையே மறைப்பார். வழக்கமாகப் பார்க்கும் பிரிவு மூடியிருக்கும், போனை யாரும் எடுக்க மாட்டார்கள். அவசரப் பிரிவில் பணியில் இருப்பவருக்கு இவரைத் தெரியாது. சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்காரவைத்துவிடுவார். முதலாவதற்கு மருந்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நீங்களே தெர்மாமீட்டர் வைப்பது. இரண்டாவதற்கு, பத்து நாள் முன்பே "விடுமுறையில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்" என்று கேட்டு எழுதிக் கதவில் ஒட்டுவது. மூன்றாவதற்கு, வாசலிலேயே சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கீமோ எடுப்பவர், கடைசித் தவணை இந்தத் தேதியில், இப்போது காய்ச்சல் இவ்வளவு, வெள்ளை அணு குறைந்திருக்கலாம்." வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. மருந்துகளின் பெயர், தேதிகள், கடைசி ரத்த அறிக்கை, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். பை எப்போதும் கதவருகே இருக்கட்டும். விருந்தாளிகளில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்பதும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

ரத்தம் நிற்காமல் கசிவது, 24 மணி நேரமாக எதுவும் வயிற்றில் தங்காமல் போவது, வழக்கத்தைவிட நாலு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை, எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கும் இருமலும் வேறு பொருள் கொண்டவை. எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலையும் நுரையீரலையும் தாக்கத் தொடங்கியிருக்கலாம். மருந்து நின்று மாதங்கள் கழித்தும் இது வரலாம். பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

மருந்துக் கணக்கையும் பத்து நாள் முன்பே பாருங்கள். தொடர் விடுமுறையில் வெள்ளிக்கிழமை ராத்திரி வலி மாத்திரை தீர்ந்துபோவதைவிடக் கொடுமை இல்லை. மார்ஃபின் வகைக்குப் புதுச் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த வகை வலி மாத்திரையும் வாந்தியைத் தடுக்கும் ஆன்டான்செட்ரானும் மலத்தை இறுக்கிவிடும். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். நாலு நாள் இறுகிய பிறகு படும் பாடு குமட்டலைவிடக் கொடியது. வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை வாந்தி வரட்டும் என்று காத்திருந்து கொடுக்கக் கூடாது, நேரப்படி போக வேண்டும். டெக்ஸாமெதாசோன் வீட்டில் எடுப்பதாக இருந்தால் காலையிலேயே முடித்துவிட்டால் ராத்திரி கொஞ்சமாவது கண்ணயர்வார். விட்டுப்போன புற்றுநோய் மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் விருந்தாளிகள் தங்கினால் கழிப்பறை பற்றி யோசிக்க வேண்டும். கீமோ ஏறிய பிறகு 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு அதற்கு மேலும், சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். முடிந்தால் அவருக்குத் தனிக் கழிப்பறை. இல்லையென்றால் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். துடைப்பவர் கையுறை போடட்டும், கறைபட்ட துணியைத் தனியாகத் துவைக்கட்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைத் தொட வேண்டாம். இந்த நாட்களில் தாம்பத்தியம் என்றால் ஆணுறை அவசியம். கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வது சிகிச்சை முடிந்து சில மாதங்கள் வரை. கட்டிப்பிடிப்பதற்கும் முத்தமிடுவதற்கும் ஒரே தட்டில் சாப்பிடுவதற்கும் பயந்து பிள்ளைகள் ஒதுங்கினால், புற்றுநோய் தொற்றாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நெருங்கி இருப்பதில் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர் விதிவிலக்கு. அவர் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் எத்தனை நாள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவமனை எழுதிக் கொடுக்கும். அந்த நாட்களில் பண்டிகை விழுந்தால் பேச்சே இல்லை, தள்ளி வையுங்கள்.

பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், தங்களுக்குச் சளி பிடிக்கும்போது தங்கள் தலைமுடியும் கொட்டும் என்று சின்னவர்கள் நினைப்பார்கள். நீ செய்த எதனாலும் வந்ததில்லை, கேட்காமலே இதைச் சொல்லுங்கள். பண்டிகை தள்ளிப்போவதையும் அவர்களிடம் கடைசியாக அல்ல, முதலில் சொல்லுங்கள். புதுத் தேதியை நாள்காட்டியில் அவர்கள் கையால் வட்டம் போடட்டும்.

முடி பற்றி ஒரு கணக்கு. டாக்ஸோருபிசின், பேக்ளிடாக்ஸெல் போன்ற கீமோ மருந்துகளில் முதல் தவணைக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். முடியோடு ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று துணைக்கு ஆசை இருந்தால் அது முதல் பத்து நாளுக்குள் ஆக வேண்டிய வேலை. ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள். மொட்டைத் தலையோடு எடுத்த படத்தைப் பின்னாளில் விரும்பிப் பார்ப்பவர்களும் உண்டு, அந்த வருடம் கேமராவையே வெறுப்பவர்களும் உண்டு. யார் எடுத்தாலும் கேட்காமல் வெளியே பகிரக் கூடாது என்பதை மட்டும் உறவுகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பயணம் போகலாம், 16க்கும் 20க்கும் நடுவில். அவசரத்துக்கு மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இடம் போதும். தொலைதூரக் கனவு இடங்களைச் சிகிச்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். புற்றுநோயும் கீமோவும் காலில் ரத்தம் உறையும் அபாயத்தைப் பல மடங்கு கூட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் விமானமோ காரோ என்றால் தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்த இடத்தில் கணுக்காலை மடக்கி நீட்டட்டும். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துக்கடை அட்டையோடு, மருத்துவர் கடிதத்தோடு. மார்ஃபின் வகைக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர் பறக்கும் முன் அறுத்தவரிடமே கேட்க வேண்டும், குறிப்பாக மார்பிலும் வயிற்றிலும் தலையிலும் செய்திருந்தால். ரேடியேஷன் பட்ட தோலில் வெயில் படக் கூடாது. மரத்தடி நிழல், பருத்தித் துணி, தொப்பி. பயணக் காப்பீட்டில் நோயை மறைத்தால் பிறகு ஒரு காசும் வராது.

உங்களைப் பற்றியும் கொஞ்சம். விருந்து என்றால் வேலை இரட்டிக்கும், அதைத் தூக்குவது நீங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பவர்களிடம் "பரவாயில்லை" என்பதை நிறுத்திவிட்டு, பட்டியலில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்: சனிக்கிழமை பாத்திரம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள், திங்கட்கிழமை மருந்துக்கடை. உறவுகளின் தொலைபேசிக்கெல்லாம் பதில் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். தங்கையோ மைத்துனரோ, யார் பொறுமைசாலியோ அவர். ஒரே செய்தியைப் பதினைந்து பேருக்குச் சொல்லும் களைப்பு, ராத்திரி கண்விழிப்பதைவிட அதிகம். உங்கள் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே ஒரு வாரம் நீடித்தால் மருந்தில் தவறு செய்வீர்கள், அப்படித்தான் தவறுகள் நடக்கின்றன. விருந்து முடிந்த இரவு வேறு யாராவது விழித்திருக்கட்டும்.

ஸ்கேன் முடிவு வரும் தேதியையும் பார்த்துவிடுங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் ஸ்கேன், முடிவு விடுமுறைக்குப் பிறகு என்று மாட்டிக்கொண்டால் நடுவில் இருக்கும் நாட்கள் முழுக்கப் பண்டிகை முகமூடிதான். ஸ்கேனையே பண்டிகைக்குப் பிறகோ, முடிவோடு சேர்த்துப் பண்டிகைக்கு முன்போ வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில நாள் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முடிவு கைபேசியில் வந்துவிடும் மருத்துவமனை என்றால், விடுமுறை நாளில் திறப்பதா வேண்டாமா என்று இருவரும் முன்பே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். துணைக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் திறந்து பார்ப்பது கூடாது. பார்த்த முகத்தை மறைக்க யாராலும் முடிந்ததில்லை.

நோய் முற்றியிருந்தால் கணக்கு மாறும். அப்போது பண்டிகையைப் பின்னால் அல்ல, முன்னால் நகர்த்துங்கள். தேதி வர ஆறு வாரம் இருக்கிறது, ஆள் இந்த வாரம் உட்கார முடிகிறது என்றால், இந்த வாரம்தான் பண்டிகை. காரணத்தை எல்லோருக்கும் விளக்க வேண்டியதில்லை. "இது கடைசியோ?" என்று துணை கேட்டால், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காமல், "நீ அப்படி நினைக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

விருந்துக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நாள்காட்டியில் வெறுமையாக இருக்கட்டும். பாத்திரங்கள் கிடக்கட்டும். காலை மாலை தெர்மாமீட்டர் மட்டும் வையுங்கள், ஒரு வாரம் வரை, கூட்டத்தில் ஒட்டிக்கொண்ட சளி வெளிப்பட அவ்வளவு நாள்கூட எடுக்கலாம். நோட்டில் அன்றைய சோர்வின் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எப்போது சைகை கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். அடுத்த பிறந்தநாளை இரண்டு மணி நேரம் வைப்பதா, ஒன்றரையா என்று அந்த வரி சொல்லிவிடும்.